ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டு: நுண்ணுயிர்களையும் பிளாஸ்டிக் துகளையும் வீட்டு மேசையிலேயே பார்க்க ஒரு முழு வழிகாட்டி

டாப்னியா என்ற குட்டி நீர்ப்பிராணியின் உடம்பு கண்ணாடி மாதிரி. முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று துடிப்பது தெரியும். அதை ஒட்டி முட்டைப் பை. உடம்பின் நடுவில் வளைந்து ஓடும் பச்சைக் கோடு, பாசி நிறைந்த குடல். எங்கள் ஊர் ஏரியில் மொண்டு வந்த தண்ணீரில் முதன்முதலாக அதைப் பார்த்த நாளில் அதன் காலில் ஒரு நூல் சுற்றியிருந்தது. பளீரென்ற நீலம். உடனே போனில் படம் எடுத்து, "ஏரியில் பிளாஸ்டிக், பாருங்கள்" என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் ஏதோ உறுத்தியது. வீட்டுத் தண்ணீரை வடிகட்டி, அதே மேசையில், அதே ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். அதிலும் அதே நீல நூல். நான் கட்டியிருந்த லுங்கியின் நூல்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி ஏரியைப் பற்றியது, மீதிப் பாதி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பது பற்றியது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளை வைத்து எழுதுகிறேன். கண்மாய், குளம், ஊருணி எதுவானாலும் முறை இதுதான்.

தொடங்கும் முன்: சொட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள்

1674-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்காரரான லேவன்ஹூக், பக்கத்து ஏரியின் பச்சைத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து வந்து தன் லென்ஸில் பார்த்தார். சுருள் சுருளாகப் பச்சை இழைகளும் அவற்றின் ஊடே ஓடித் திரியும் குட்டி உயிர்களும் தெரிந்தன. தண்ணீர் பச்சையாவதற்குப் பனிதான் காரணம் என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லேவன்ஹூக் துணி வியாபாரி. துணியில் நூல் எப்படி இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். 350 வருடம் கழித்து அதே மாதிரிச் சொட்டில் நாம் தேடுவதும் நூலைத்தான்.

நம் ஏரிச் சொட்டில் பார்க்கக் கிடைக்கிறவர்களைப் பெரியவரிலிருந்து சொல்கிறேன். வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் துள்ளித் துள்ளிப் போகிறவை நீர்த்தெள்ளுகள். டாப்னியா இந்தக் குடும்பம்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் பெரிய டாப்னியாவைவிட அதன் சிறிய உறவான மொய்னாதான் அதிகம் கிடைக்கும். மீன் குஞ்சுக்குத் தீனியாக வண்ண மீன் கடைகளில் விற்பதும் இதையே. அடுத்து சைக்ளாப்ஸ்: ஒற்றைக் கண், பின்னால் இரண்டு முட்டைப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வெட்டி வெட்டி நீந்தும். ஒரு காலத்தில் நரம்புச் சிலந்தி நோயைச் சுமந்து வந்த பூச்சி. குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொன்னதெல்லாம் இதைத் தடுக்கத்தான். 2000-இல் இந்தியா அந்த நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. நோய் போய்விட்டது, சைக்ளாப்ஸ் இருக்கிறது.

இவர்களைவிடச் சிறியவை ரோட்டிஃபர்கள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். தலையில் இரண்டு சக்கரங்கள் சுற்றுவது போலத் தோன்றும், உண்மையில் அது வரிசையாக அசையும் மயிரிழைகள். சாக்கடை கலக்கும் ஏரிகளில் ஜாடி வடிவில், முள் முனைகளோடு இருக்கும் பிராக்கியோனஸ் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும். ரோட்டிஃபரை உற்றுப் பாருங்கள்: உடம்புக்குள், தொண்டைக்குக் கீழே ஏதோ இடைவிடாமல் மென்றுகொண்டிருக்கும். அதன் தாடை அது. உரலை உள்ளே விழுங்கிவிட்ட பிராணி. இந்த உரலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னும் கீழே போனால் செருப்பு வடிவப் பாரமீசியம், சுருள் காம்பில் நின்று சட்டென்று சுருங்கும் வோர்ட்டிசெல்லா, பிறை வடிவப் பச்சைப் பாசிகள், சிலிக்கா ஓடு போர்த்திய நுண்பாசிகளான டயாட்டம்கள். கோடையில் கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டியது போலப் படர்ந்தால் அது அநேகமாக மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை நுண்ணுயிர். அதன் நஞ்சு தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. அந்த ஆடையைக் கையால் அள்ள வேண்டாம், ஆடு மாடு அங்கே குடிக்கவும் விட வேண்டாம்.

இவர்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன நடக்கிறது

5 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். இந்தச் சொல் பரவலானது 2004-இல் ரிச்சர்ட் தாம்ப்சன் குழு கடல் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு. ஏரிக்கு அது எப்படி வருகிறது என்று தேடினால் ஆலைக் குழாய் வரை போக வேண்டாம், கரையிலேயே ஒரு பதில் இருக்கிறது. போன மழைக்குக் கரை கசிந்த இடத்தில் அடுக்கிய மணல் மூட்டையைப் போய்ப் பாருங்கள். வெள்ளைச் சாக்கு. ஒரு கோடை வெயில் தின்ற பிறகு அதை விரலால் தேய்த்தால் நார் நாராக உரியும், இன்னும் தேய்த்தால் தவிடு மாதிரி உதிரும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் அது. அடுத்த மழையில் அந்தத் தவிடு அப்படியே தண்ணீருக்குள் போகும். ஏரியைக் காப்பாற்ற வைத்த மூட்டை! இதோடு துணி துவைத்த தண்ணீர், கிழிந்த நைலான் வலை, டயர் தேய்ந்த கரிப்பொடி, பால் கவரின் வெட்டிய மூலை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஆனால் வண்டலில் ஏற்கெனவே படிந்தது தடை உத்தரவைப் படிக்காது.

மொய்னாவும் டாப்னியாவும் வடிகட்டித் தின்பவை. காலால் தண்ணீரைத் தள்ளி, அதில் மிதக்கும் நுண்துகள் எதுவானாலும் உருட்டி வாய்க்குள் விடும். பாசியா, களிமண்ணா, பிளாஸ்டிக்கா என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. அளவு பொருந்தினால் உள்ளே. சைக்ளாப்ஸ் வகையறா அப்படியில்லை, துகளைப் பிடித்துச் சோதித்து வேண்டாததைத் தள்ளிவிடுவது அவற்றுக்குக் கைவந்த கலை. ஆக ஒரே தண்ணீரில் ஒருவர் வயிற்றில் நிறைய இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றில் இருக்காது. வயிற்றை நிரப்பிய துகளில் சத்து இல்லை என்பதால் வளர்ச்சியும் முட்டையும் குறையலாம் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அவற்றில் பலவும் ஏரியில் இருப்பதைவிட மிக அதிகமான துகளைக் கொட்டிச் செய்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த உரல். சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ரோட்டிஃபர்கள் தின்ற மைக்ரோபிளாஸ்டிக்கைத் தாடையால் அரைத்து இன்னும் நுண்ணிய நானோ துகளாக வெளியே விடுகின்றன என்று கண்டார்கள். ஒரு ரோட்டிஃபர் ஒரு நாளில் 3.48 லட்சம் முதல் 3.66 லட்சம் துகள் வரை. கடலில் வாழும் இனத்திலும் நன்னீர் இனத்திலும் இது நடந்தது. வெயிலும் அலையும்தான் பிளாஸ்டிக்கை உடைக்கின்றன என்று நினைத்திருந்தோம், ஏரிக்குள்ளேயே உயிருள்ள அரைவை மில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த உயிர்களைப் பாவப்பட்ட ஜீவன்களாக மட்டும் பார்க்கும் வழக்கத்தை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

மூன்றாவதாக ஒன்றும் நடக்கிறது. தண்ணீரில் கிடக்கும் பிளாஸ்டிக் மேல் சில நாளில் வழுவழுப்பாக ஒரு படலம் ஏறும். பாக்டீரியா, டயாட்டம், பிறகு அவற்றை மேய வோர்ட்டிசெல்லா. கனம் கூடினால் மிதந்தது மூழ்கும். மொய்னாவின் கழிவோடு கட்டியாகிக் கீழே இறங்குவதும் உண்டு. ஆகவே மேல்தண்ணீர் சுத்தமாகத் தெரிந்தால் ஏரி சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. சேற்றையும் பார்க்க வேண்டும்.

படி 1: சாமான்கள்

பள்ளி மாணவர்கள் வைத்திருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப் போதும், 40, 100, 400 மடங்கு காட்டினால் சரி. அது இல்லையென்றால் ஃபோல்ட்ஸ்கோப். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய, மடித்துச் செய்யும் காகித மைக்ராஸ்கோப். 140 மடங்கு காட்டும், சட்டைப் பைக்குள் அடங்கும். கண்வைக்கும் இடத்தில் போன் கேமராவைப் பிடித்துப் படம் எடுக்கலாம், கை நடுங்காமல் இருக்கப் பழக்கம் வேண்டும்.

வலை முக்கியம். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளும் பிளாங்க்டன் வலை விலைக்குக் கிடைக்கிறது. செலவைக் குறைக்க ஒரு வழி, ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் கடை. அங்கே சென்டிமீட்டருக்கு 120 நூல் உள்ள மெஷ் துணி அரை மீட்டர் கேளுங்கள், வெள்ளை நிறம். அதன் துளை சுமார் 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர். அதைக் கூம்பாகத் தைத்து, வாயில் கம்பி வளையம், நுனியில் சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பி. இந்தத் துணியே பாலியெஸ்டர்தான், அது எனக்கும் தெரியும். அதனால்தான் வெள்ளை கேட்கச் சொன்னேன்: நிறமில்லாத மழுமழு நூலை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டோம்.

மற்றவை: 10 லிட்டர் எவர்சில்வர் வாளி, நீளக் கயிறு (சணல், நைலான் வேண்டாம்), மூடியுள்ள கண்ணாடி பாட்டில்கள் (பழைய ஊறுகாய் பாட்டிலின் மூடி உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அலுமினியத் தாள் வைத்து மூடுங்கள்), டிராப்பர், ஸ்லைடு, கவர் கிளாஸ், குண்டூசி அல்லது தையல் ஊசி, மெழுகுவர்த்தி, கல் உப்பு, மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, வடிதாள்.

படி 2: முதலில் உங்களை எண்ணுங்கள்

இதை ஏரிக்குப் போவதற்கு முன்னால் செய்யுங்கள். தவறினால் பிறகு செய்யும் எதற்கும் அர்த்தமில்லை.

வெள்ளைப் பருத்திச் சட்டை போடுங்கள். மின்விசிறியை அணையுங்கள். மேசையை ஈரத் துணியால் துடையுங்கள். எல்லாப் பாத்திரத்தையும் வடிகட்டிய தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். பிறகு, வடிகட்டிய தண்ணீர் 20 லிட்டரை, ஏரித் தண்ணீருக்குச் செய்யப்போகும் எல்லா வேலையையும் அப்படியே செய்து வடிகட்டிப் பாருங்கள். வலையில் மிஞ்சியதை எண்ணி எழுதி வையுங்கள். இதற்குக் காலிச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அதோடு ஒரு கண்ணாடித் தட்டில் கொஞ்சம் சுத்தமான தண்ணீர் ஊற்றி, வேலை நடக்கும் நேரம் முழுக்க மேசையில் திறந்து வையுங்கள். காற்றில் வந்து விழுவது அதில் விழும். முதல் தடவை அந்தத் தட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். போர்வை நூல், சோபா நூல், வீட்டுப் பூனையின் முடி. பள்ளிப் புத்தகங்களில் பாரமீசியம் ஓடாமல் இருக்கச் சொட்டில் இரண்டு இழை பஞ்சு போடச் சொல்வார்கள். நாம் செய்யும் வேலைக்கு அது ஆகாது.

படி 3: ஏரியில் தண்ணீர் எடுப்பது

விடியற்காலை போங்கள். நீர்த்தெள்ளுகள் இரவில் மேலே வந்து வெயில் ஏற ஏறக் கீழே இறங்கிவிடும். தனியாகப் போகாதீர்கள். மண் அள்ளிய ஏரிகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை முழுங்கும் குழியாக இருக்கும், ஆகவே மதகுப் படியில் நின்றோ கலிங்குச் சுவரில் நின்றோ வாளி விட்டு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கையில் காயம் இருந்தால் உறை போடுங்கள், எலிக் காய்ச்சல் தண்ணீர் வழியாக வரும். குடிநீர் ஏரிகளில் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

குறைந்தது இரண்டு இடம்: தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் முகம் ஒன்று, வெளியேறும் கலிங்கு ஒன்று. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மிதப்பதெல்லாம் காற்று தள்ளும் கரையில் ஒதுங்கும், அங்கே மட்டும் எடுத்தால் கணக்கு ஊதிப் பெருத்துவிடும். ஆகாயத்தாமரை வேரைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள், அதன் வேர் மீசைக்குள் ரோட்டிஃபரும் நூலும் சேர்ந்தே சிக்கியிருக்கும்.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வாளி, மொத்தம் 20 லிட்டர், வலை வழியாக மெல்ல ஊற்றுங்கள். குப்பியில் சேர்ந்ததை இரண்டு பாட்டிலாகப் பிரியுங்கள், ஒன்று உயிருக்கு, ஒன்று பிளாஸ்டிக்குக்கு. உயிர் பாட்டிலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், காற்று வேண்டும். வெயிலில் வைத்தால் வீடு வந்து சேர்வதற்குள் மொய்னா செத்துவிடும். தேதி, நேரம், இடம், கடைசி மழை பெய்த நாள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் ஊர்க் குப்பையெல்லாம் வாரிக்கொண்டு வரும், ஐப்பசியில் எடுத்ததும் சித்திரையில் எடுத்ததும் வேறு வேறு ஏரி மாதிரி இருக்கும்.

படி 4: அன்றே, உயிரோடு

உயிர் பாட்டிலை ஜன்னல் ஓரம் பத்து நிமிடம் வையுங்கள். வெளிச்சத்தின் பக்கம் கூடும், டிராப்பரால் அங்கே உறிஞ்சுங்கள். சொட்டின் நாலு மூலையிலும் கடுகளவு வாஸலின் வைத்து அதன் மேல் கவர் கிளாஸ் வைத்தால் நீர்த்தெள்ளு நசுங்காது. 40 மடங்கில் தொடங்குங்கள். கண்ணாடி வழியாகத் தெரியும் வட்டத்தின் அகலத்தை ஒருமுறை அளந்துவைத்தால் பிறகு எல்லாவற்றையும் அதை வைத்தே அளக்கலாம். 40 மடங்கில் பிளாஸ்டிக் அளவுகோலை ஸ்லைடுபோல வைத்துப் பாருங்கள், பெரும்பாலான மாணவர் மைக்ராஸ்கோப்பில் வட்டம் நாலரை மில்லிமீட்டர் வரும். 100 மடங்கில் அது 1.8, 400-இல் 0.45.

இந்தக் கட்டத்தில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள், இதில்தான் விஷயம் புரியும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க் ஒரு சொட்டை ஒரு டம்ளர் ஏரித் தண்ணீரில் கலக்குங்கள். அந்த மையில் இருப்பது நுண்ணிய கரித்துகள். அதில் கொஞ்சம் எடுத்து, நாலைந்து மொய்னா இருக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். பச்சையாக இருந்த குடல் வாய்ப் பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டு வரும், நடுவில் பச்சையும் கறுப்பும் சந்திக்கும் எல்லை கூடத் தெரியும். கரி உணவா என்று அது கேட்கவில்லை. பிறகு பச்சைத் தண்ணீருக்கு மாற்றுங்கள். புதுத் தீனி பின்னாலிருந்து தள்ளத் தள்ளக் கறுப்பு வெளியேறும். தீனி இல்லாத வெறும் தண்ணீரில் விட்டால் கறுப்பு நெடுநேரம் உள்ளேயே நிற்கும். பட்டினி கிடக்கும் ஏரியில் பிளாஸ்டிக் அதிக நேரம் வயிற்றில் தங்கும் என்பதன் பொருள் இதுதான்.

இதைச் செய்ய உண்மையான பிளாஸ்டிக் பொடி வேண்டாம். மினுமினுப்புத் தூள், பழைய ஃபேஸ் ஸ்கிரப் மணி இதையெல்லாம் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். மினுமினுப்புத் துகள் மொய்னாவின் வாயைவிட மிகப் பெரியது, வேலைக்கும் ஆகாது, சிங்க்கில் கொட்டினால் மறுபடி ஏரிக்கே போய்ச் சேரும்.

படி 5: பிளாஸ்டிக்கைப் பிரிப்பது

இரண்டாவது பாட்டிலில் பாசியும் பூச்சியும் குப்பையும் கலந்திருக்கும். அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, அதே அளவு 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, நாலு நாள் முதல் ஒரு வாரம் நிழலில் வையுங்கள். உயிர்ப்பொருள் வெளுத்துக் கரையும். இறுக்கி மூடினால் ஆக்ஸிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். அடுப்பில் வைத்துச் சீக்கிரமாக்கும் ஆசை வேண்டாம். கையுறை, கண்ணாடி கட்டாயம், பிள்ளைகள் இருந்தால் இந்தப் படியைப் பெரியவர் செய்யட்டும்.

சேற்றுக்கு உப்புக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 360 கிராம் உப்பு கரைத்தால் அதற்கு மேல் கரையாது, அடர்த்தி 1.2 ஆகும். கடல் உப்பிலேயே பிளாஸ்டிக் துகள் உண்டு என்பதால் கரைத்ததை வடிதாளில் வடிகட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். கரைசல் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு பழைய பால்பாயின்ட் பேனாவின் கண்ணாடி போன்ற உடம்பிலிருந்து ஒரு சில்லு உடையுங்கள். அது பாலிஸ்டைரீன்: குழாய்த் தண்ணீரில் மூழ்கும், சரியான உப்புத் தண்ணீரில் மிதக்கும். காய்ந்த சேறு ஒரு கைப்பிடியை இதில் கலக்கி ஒரு ராத்திரி விடுங்கள். பால் கவர், சாக்கு நார், நைலான் எல்லாம் மேலே வரும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், பிவிசி குழாய்த் துணுக்கு இரண்டும் இதிலும் மூழ்கிவிடும். அவற்றை மிதக்கவிடத் துத்தநாக குளோரைடு வேண்டும், நஞ்சு, வீட்டில் வேண்டாம்.

மேலே வந்ததைக் கட்டம் போட்ட வடிதாளில் இறுத்து, மூடிய தட்டில் காயவையுங்கள்.

படி 6: இது பிளாஸ்டிக்தானா?

எல்லோரும் தடுக்கி விழும் இடம். வழக்கமாக ஏமாற்றுகிறவற்றைச் சொல்கிறேன். கண்ணாடித் தாள் போல வளைந்த மெல்லிய ஓடு தெரிந்தால், அது டாப்னியா உரித்துப் போட்ட சட்டை. பச்சை இழையில் குறுக்குச் சுவர் தெரிந்தால் பாசி. மண்ணிலிருந்து வந்த அபிரகத் தகடு பளபளக்கும், ஊசியால் தொட்டால் அடுக்கடுக்காக உடையும். கறுப்பு ஊசி போன்றவை பூச்சியின் கால் மயிர்.

பிளாஸ்டிக் என்று சந்தேகப்பட மூன்று குணம் வேண்டும்: உள்ளே உயிரணு அமைப்பு தெரியக்கூடாது, நூலென்றால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமன் இருக்க வேண்டும், நிறம் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். பருத்தி நூல் முறுக்கிய நாடா மாதிரி அங்கங்கே திரும்பும். பாலியெஸ்டர் கண்ணாடிக் கம்பி மாதிரி நேராக, மழுமழுவென்று இருக்கும். சாயம் போட்ட பருத்திதான் மிகப் பெரிய ஏமாற்றுக்காரன், ஜீன்ஸ் நீலம் குறிப்பாக. பெராக்சைடு பருத்தியைக் கரைக்காது.

சந்தேகம் தீராவிட்டால் சுடு ஊசி. தையல் ஊசியை மெழுகுவர்த்தியில் பழுக்கக் காய்ச்சி, மைக்ராஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டே துகளின் ஓரத்தில் தொடுங்கள். பிளாஸ்டிக் உருகிச் சுருளும், ஊசியில் ஒட்டி நூலாக இழுபடும். பருத்தி கருகும், சுருளாது. டயர் துகள் மட்டும் இதற்குள் வராது: உருகாது, கறுப்பாக இருக்கும், ஊசியால் அமுக்கினால் ரப்பராக அமுங்கி மறுபடி எழும்.

அரை மில்லிமீட்டருக்குக் கீழே போகப் போக இந்த முறைகள் தடுமாறும், பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குக் கீழே கண்ணை நம்பவே கூடாது. எந்த பிளாஸ்டிக் என்று உறுதியாகச் சொல்ல, ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் எஃப்டிஐஆர் அல்லது ராமன் கருவி வேண்டும். பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் கேட்டால் சில துகளையாவது வைத்துப் பார்க்க விடுவார்கள்.

படி 7: கணக்கு

20 லிட்டரில் 46 துகள் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். காலிச் சோதனையில் 11. மிச்சம் 35. அதை 20-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 1.75. பாட்டிலைப் பாதியாகப் பிரித்திருந்தால் காலிச் சோதனையையும் அப்படியே பிரித்து, இரட்டிப்பாக்கிக் கணக்கிடுங்கள். நூல், துணுக்கு, தாள், மணி என்று வடிவம் பிரித்து எழுதுங்கள், நிறமும் எழுதுங்கள். மொத்த எண்ணைவிட இந்தப் பிரிப்புதான் கதை சொல்லும். வாய்க்கால் முகத்தில் நூல் அதிகமென்றால் துவைத்த தண்ணீர், கரையோரம் வெள்ளை நார் அதிகமென்றால் மணல் மூட்டை.

பிறகு இணையத்தில் கிடைக்கும் எண்ணோடு ஒப்பிடும் ஆசை வரும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியில் செய்து 2020-இல் வெளியான ஆய்வு, தண்ணீரில் லிட்டருக்குச் சராசரி 5.9 துகளும் சேற்றில் கிலோவுக்கு 27 துகளும் என்று சொன்னது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் 2017-இல் வெளியான ஆய்வு சேற்றைச் சதுர மீட்டருக்கு எண்ணியது, சராசரி சுமார் 253. அமெரிக்கப் பேரேரிகளில் 2013-இல் வெளியானது மேல்தண்ணீரைச் சதுர கிலோமீட்டருக்கு எண்ணியது, சராசரி சுமார் 43,000. கடைசி எண் பயமுறுத்தும். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் என்பது பத்து லட்சம் சதுர மீட்டர், ஆகச் சதுர மீட்டருக்கு 0.043 தான். அதுவும் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துளை உள்ள வலையால் அள்ளியது, சிறியதெல்லாம் ஓடிவிட்டிருக்கும். அலகும் வலையும் ஒன்றாக இல்லாத இரண்டு எண்களை ஒப்பிடுவது படியையும் மைலையும் ஒப்பிடுவது போல. அந்தப் பேரேரி வேலையில் கிடைத்த மணிகளை அழகுப் பொருள்களில் இருந்தவற்றோடு சேர்த்துக் காட்டியதால்தான் 2015-இல் அமெரிக்கா கழுவிவிடும் அழகுப் பொருள்களில் அவற்றைத் தடை செய்தது என்பதும் உண்மை. சரியாகச் சொன்ன எண்ணுக்கு அவ்வளவு பலம் உண்டு.

உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதே இடம், அதே வாளி, அதே வலை, மழைக்கு முன், மழைக்குப் பின், கோடையில். கூடவே ஒரு சொட்டில் எத்தனை மொய்னா, எத்தனை ரோட்டிஃபர் என்றும் எழுதுங்கள். மொய்னா குறைந்து ரோட்டிஃபர் பெருகினால் உடனே பிளாஸ்டிக் மேல் பழி போடாதீர்கள். மீன் குஞ்சு விட்டிருந்தாலும் அப்படித்தான் ஆகும், பெரியதை முதலில் மீன் தின்றுவிடும்.

படி 8: யாரிடம் காட்டுவது

பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம். இது தெரியாமல் மனு கொடுத்தால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டிவரும். எனக்கு நேர்ந்தது அதுதான். கிராம சபை இன்னும் நல்ல இடம், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்றும் கூடுகிறது. "மைக்ரோபிளாஸ்டிக் அபாயம்" என்று ஆரம்பித்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் கரையிலிருந்து ஒரு பிடி உதிர்ந்த சாக்கைக் கொண்டுபோய் மேசையில் தேய்த்துக் காட்டினேன். "அந்த மூட்டையை மழை முடிந்ததும் எடுத்துடலாம்ல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். எழுதிக்கொண்டார்கள்.

உயிர் பாட்டிலை அன்று மாலையே எடுத்த ஏரியில், எடுத்த இடத்திலேயே திருப்பி ஊற்றுங்கள். வேறு குளத்தில் வேண்டாம், மீன் தொட்டியிலும் வேண்டாம். மை கலந்த கிண்ணத்தைச் செடிக்கு ஊற்றலாம். வடிதாளில் எண்ணி முடித்த துகளைச் சின்னக் குப்பியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். என்னிடம் இப்போது ஏழு குப்பிகள் இருக்கின்றன. முதல் குப்பியில் "ஏரி" என்று எழுதியதை அடித்துவிட்டு "லுங்கி" என்று எழுதியிருக்கிறேன்.